ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 பீட்டா: மலையிலிருந்து ஒரு சோதனை

இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் மென்பொருள் நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல். 2025 மார்ச் 25ஆம் திகதி வெளியான அதன் 3.5 பீட்டாவைத் (இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) தரவிறக்கி, இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் பராமரிக்கும் சேவையகத்தின் மாற்றுப் பிரதியில் ஓட்டிப் பார்த்தேன். சில தேயிலைத் தோட்டங்களின் மடுவங்களிலிருந்து, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளிலிருந்து, கொழுந்து நிறை வந்து சேரும் சேவையகம் அது. நிறை வந்து சேராத நாளில், முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்ற சண்டை கங்காணியைத் தாண்டி என்னிடம் வந்து நிற்கும்.

மூல நிரலிலிருந்து தொகுப்பதில் சிக்கலில்லை. பழைய மடிக்கணினியில் ‘மேக் டெஸ்ட்’ என்ற சோதனைக் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் பகல் சமையலை முடிக்கலாம். கடைசியில் எல்லாம் தேறியதாக வரி வந்தது. இருக்கும் பதிப்பைத் தொடாமல் தனி அடைவில் நிறுவ முடிவது நிம்மதி.

இதில் பெரிய சரக்கு, குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாதபடி வகுத்த மூன்று முறைகள்: திறவி பரிமாற எம்எல்-கெம், மின் கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் இறுதி செய்தவை. இன்று போகும் தரவை யாராவது பதிந்துவைத்து, குவாண்டம் கணினி வந்தபின் உடைக்கலாம் என்பதுதான் பயம். கொழுந்து நிறையை இருபது வருடம் கழித்து உடைத்துப் பார்க்க யாருக்கு வேலையில்லை என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதே வழியில் சேமலாப நிதி இலக்கங்களும் அடையாள அட்டை இலக்கங்களும் போகின்றன. இன்று வேலைக்குப் பதிந்த பிள்ளைக்கு அவை ஓய்வுபெறும்வரை கூடவே வரும்.

என் நேரத்தைத் தின்றது இயல்பு அமைப்பில் செய்திருக்கும் மாற்றம். இணைப்பின் முதல் செய்தியிலேயே எக்ஸ்25519எம்எல்கெம்768 என்ற கலப்புத் திறவி இப்போது தானாகப் போகிறது. இதுவரை வழக்கிலிருந்த எக்ஸ்25519 முறை மட்டும் என்றால் 32 பைட். கலப்புத் திறவியோ 1216 பைட். மற்ற விவரங்களும் சேரும்போது முதல் செய்தி ஒரே பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாக உடைகிறது. மடுவத்துக் கைபேசி இணைப்பில், மழையிலும்கூட, இது பெரிய தாமதம் தரவில்லை. ஆனால் நாங்கள் கணக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தின் பழைய தீயரண், உடைந்து வரும் முதல் செய்தியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. பிழைச்செய்தி கிடையாது, மறுப்பும் கிடையாது; நேரம் முடியும்வரை திரை வெறித்துக்கொண்டிருக்கிறது. திறவி முறைகளைத் தேரும் ‘குரூப்ஸ்’ அமைப்பில் எக்ஸ்25519 மட்டும் கொடுத்தவுடன் இணைப்பு உடனே கிடைத்தது. குற்றம் நூலகத்துடையதல்ல. மாற்றப் பட்டியலிலும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். என்றாலும் ‘பெரிய திறவி அனுப்பினேன், பதில் வரவில்லை’ என்று கருவி ஒரு வரி சொல்லியிருந்தால் என் ஒரு மாலை மிஞ்சியிருக்கும்.

எஸ்எல்எச்-டிஎஸ்ஏ கையொப்பம் எங்களுக்கு வேண்டாம். சிறிய வகையே 7856 பைட். மடிக்கணினியில் அது கையொப்பமிடும் தாமதம் கண்ணுக்கே தெரிகிறது. சான்றிதழ் கோரிக்கைக் கருவியின் இயல்பு மறைகுறியாக்கம் பழைய மூவடுக்கு டெஸ்ஸிலிருந்து 256 பிட் ஏஇஎஸ்ஸுக்கு மாறியிருக்கிறது. எப்போதோ செய்திருக்க வேண்டியது!

பீட்டாவுக்குப் பிறகு புதிய வசதிகள் சேராது, பிழைகள்தான் திருத்தப்படும். இறுதி வெளியீடு 2025 ஏப்ரல் 8இல் வந்தது. ஐந்து வருடப் பராமரிப்பும் உண்டு. சம்பளக் கணக்கு ஓடும் இயந்திரத்தில் பீட்டாவை ஏற்றாதீர்கள். சோதிக்கிறவர்கள் கொழும்பின் ஃபைபரோடு நிறுத்தாமல், நீங்கள் பேசவேண்டிய ஒவ்வோர் அலுவலகத்தின் தீயரணோடும் பேசவிட்டுப் பாருங்கள். 3.0 பதிப்பில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பு 2026 செப்டெம்பர் வரைதான்.