டிஎஸ்எல், கேபிள் இணைய இணைப்புகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைய இணைப்பையும், அதன் பிறகு இன்றுவரை தொலைக்காட்சிக் கேபிள் வழியே வரும் கேபிள் இணைப்பையும் பயன்படுத்தி வருகிறேன். வேகத்தில் கேபிளே முந்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டும் பணத்துக்கு எது தகும் என்பதை விளம்பரத்தில் போட்டிருக்கும் உச்ச வேகத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. மாலை நேரத்தில் கையில் கிடைக்கும் வேகமே உண்மையான அளவுகோல்.

டிஎஸ்எல் தொலைபேசியின் செப்புக் கம்பியில் வருவதால், தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வீடுவரை உள்ள கம்பியின் நீளம் கூடக்கூட வேகம் குறையும். டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ நுட்பத்தின் உச்சம் விநாடிக்கு 24 மெகாபிட். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கு 8 மெகாபிட்தான், அதாவது விநாடிக்கு 1 மெகாபைட்தான், வந்து சேர்ந்தது. ஆயினும் வீட்டுக்கென்று தனிக் கம்பி இருந்ததால் அந்த வேகம் பகலிலும் இரவிலும் பெரிதாக மாறவில்லை என்பதை இன்றும் மதிக்கிறேன். மழைக்காலத்தில் கம்பியின் இணைப்புகளில் ஈரம் இறங்கினால் மட்டும் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

கேபிளில் ஒரே கோஆக்சியல் (தொலைக்காட்சிக் கேபிள்) தடத்தைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பகலில் 100 மெகாபிட்டை முழுமையாகத் தரும் எங்கள் இணைப்பு, எல்லோரும் படம் பார்க்க உட்காரும் இரவு நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்படி இறங்கிய வேகமும் பழைய டிஎஸ்எல்லைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் படம் பார்ப்பதில் குறையொன்றும் தெரிவதில்லை. உண்மையான தொல்லை பதிவேற்றத்தில்தான் இருக்கிறது. பதிவேற்றத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை குறுகியது. போதாக்குறைக்கு, ஏதோ ஒரு வீட்டில் தளர்ந்து கிடக்கும் கனெக்டர் வழியாகப் புகும் மின் இரைச்சல் அந்தத் தடத்தில் உள்ள அனைவரையும் பாதிக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் புகைப்படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கையில் மற்றொருவரின் காணொளி அழைப்பு திக்கித் திணறும். ரவுட்டரில் பதிவேற்ற வேகத்துக்கு, கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்த பிறகே இது அடங்கியது.

தொலைபேசி நிறுவனத்தின் தெருமுனைப் பெட்டியிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வீடு இருந்து, டிஎஸ்எல்லின் வேகமான வகையான விடிஎஸ்எல்2 கிடைக்குமானால், குறைந்த கட்டணத்தில் அதையே எடுக்கலாம். நாள் முழுவதும் காணொளி அழைப்பில் வேலை செய்பவர்களுக்கு அதன் நிலைத்தன்மை பெரிதும் உதவும். தொலைவு அதிகமென்றால் கேபிளே மேல். எதை எடுத்தாலும், சலுகைக் காலம் முடிந்த பின் வரும் மாதக் கட்டணத்தையும், பதிவேற்ற வேகத்தையும், அதே தெருவில் அந்த இணைப்பை வைத்திருப்பவருக்கு இரவு 9 மணிக்குக் கிடைக்கும் வேகத்தையும் கேட்டறிந்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.