முழங்கை வரை கோராட், மணிக்கட்டு வரை சையா: தாய்லாந்தின் இரு கயிற்றுக்கட்டுகள்

கையுறை வருவதற்கு முன்பு தாய்லாந்தின் குத்துச்சண்டை வீரர்கள் பருத்தி நூற்கயிற்றைக் கைகளில் சுற்றிக்கொண்டு களமிறங்கினர். 'காட் ச்சுவக்' எனப்பட்ட அந்தக் கட்டு நாடெங்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. வடகிழக்கில் கோராட் என்று வழங்கும் நக்கோன் ராட்சசிமாவையும், தெற்கில் சூராட் தானி மாகாணத்துச் சையாவையும் எடுத்துக்கொண்டால், கயிற்றின் நீளத்தைக் கொண்டே ஆட்டத்தின் போக்கைச் சொல்லிவிடலாம்.

கோராட் வீரர் கயிற்றை முழங்கை வரை சுற்றுவார். அவருடைய பெயர்பெற்ற அடி, தோளிலிருந்து அகன்ற வட்டமாகச் சுழன்று வரும் 'எருமை வீச்சு'. விலகி நின்று அகல வீசுபவர்மீது எதிராளியின் உதைகளும் அதே தொலைவில் வந்து விழும் என்பதால், அவற்றை முன்கையில் தாங்கிக்கொள்ளக் கயிறே கவசமாயிற்று.

சையாவில் கயிறு மணிக்கட்டோடு நின்றுவிடும். உடலைத் தாழ்த்தி, கைகளை நெருக்கி வைத்து, தடுத்தல், தட்டிவிடல், மூடல், திறத்தல் என்னும் நான்கையும் அடித்தளமாகக் கொண்ட இம்முறையில், எதிராளியின் அணைப்புக்குள் புகுந்து முழங்கையால் தாக்குவதே குறி. அங்கே முழங்கையைக் கயிற்றால் மூடினால் கூர்மையான ஆயுதத்துக்கு உறையிட்டது போலாகும்.

1909இல் மறைந்த தம் மகன் இளவரசர் உருபோங்கின் இறுதிச் சடங்கையொட்டி நடந்த போட்டிகளுக்குப் பின், ஐந்தாம் ராமா மன்னர் கோராட், சையா, லோப்புரி ஆகிய மூன்று ஊர் வீரர்களுக்கும் பட்டம் வழங்கினார்; ஒரு முறையை மட்டும் உயர்த்திப் பிடிக்கவில்லை. என் கணிப்பில், ஓரிரு அடிகளில் முடிந்துவிடும் சண்டைக்குக் கோராட்டே பொருத்தம். துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை நீரில் மூழ்கும்வரை ஒரு சுற்று என்று கணக்கிட்ட காலத்தில், பல சுற்றுகள் நீளும் ஆட்டத்தில் வலுவைச் சேமித்து ஆடும் சையாவுக்கே கை ஓங்கியிருக்கும். (கயிற்றில் கண்ணாடித் தூளைப் பூசினார்கள் என்ற கதையை நம்ப எனக்குத் தயக்கம் உண்டு, இரு முறைகளிலுமே முன்கையும் கையும் வீரரின் சொந்த முகத்தருகிலேயே இருக்கின்றன.)

1920களின் இறுதியில், வடக்கில் உத்தரதித் பகுதியின் தா சாவ் என்னும் குத்துச்சண்டை மரபைச் சேர்ந்த பே லியங்பிரசெட்டுடன் கயிறு கட்டி மோதிய கம்போடிய வீரர் ஒருவர் இறந்தார். அதன் பிறகு கையுறை கட்டாயமாயிற்று. இம்மாற்றத்தில் கூடுதலாக இழந்தது சையா என்றே கருதுகிறேன். அகல வீசும் குத்து பருத்த கையுறைக்குள்ளிருந்தும் வேலை செய்யும். விரல்களைத் திறந்து எதிராளியின் கையைத் தட்டிவிட்டு உள்ளே நுழையும் நுட்பத்துக்கோ கையுறையே தடையாகிவிடுகிறது. ஆயினும் சையா ஆளுநரின் மகனான கேத் சியாபாய் பாங்காக்கில் கற்பித்து வந்ததால், அந்த முறை மேடையை விட்டு விலகிய பின்னும் பயிற்சிக்கூடங்களில் தொடர்ந்தது.