கீரவாணிக்கு 21, கௌரிமனோகரிக்கு 23: பாலக்காட்டு எல்லையில் மூன்று எண்முறைகள்

வாளையாறைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. விலைப் பட்டியலில் இலக்கம் மாறுவதில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இலக்கங்கள் இருந்தும், இரண்டுமே அன்றாடப் புழக்கத்தை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. ஆனாலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தமிழர்களிடையே பழைய கணக்கை விட்டிருக்கக் கூடாது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. எந்தப் பழைய கணக்கு என்று கேட்டால்தான் சிக்கல். அங்கே மூன்று இருக்கின்றன. மூன்றின் வேலையும் வேறு வேறு.

முதலில் ஓலைச்சுவடி எண். ஒன்று முதல் ஒன்பது வரை குறிகள், அவற்றோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. மலையாளத்திலும் இதே ஏற்பாடுதான், வடிவம்தான் வேறு. 2048 என்பதை ௨௲௪௰௮ என்று எழுதினால் வாயால் சொல்வது அப்படியே ஏட்டில் இறங்கிவிடுகிறது. பூஜ்யமே வேண்டாம், பத்திரத்தில் வால்பக்கம் ஒரு சுழியைச் சேர்த்துத் தொகையைப் பெருக்கும் வித்தையும் நடக்காது. ஆனால் 999 எழுத ௯௱௯௰௯ என்று ஐந்து குறிகள்; 1000 எழுத ஒரே ஒரு ௲. பெரிய எண் குறுகியும் சிறிய எண் நீண்டும் கிடந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எப்படிக் கூட்டுவது? கல்யாணப் பத்திரிகையில் ௨௦௨௫ என்று அச்சடிப்பவர்கள் பழைய முறைக்குத் திரும்பிவிட்டதாக நினைக்கிறார்கள். அது பழைய வேட்டி கட்டிய புது முறை. பழைய முறையில் அது ௨௲௨௰௫. யூனிகோடில் தமிழ்ப் பூஜ்யமே 2005இல்தான் சேர்ந்தது. கணக்குக்கு இந்த முறை உதவாது என்பது என் தீர்ப்பு.

அடுத்தது கடபயாதி. எழுத்தையே எண்ணாக்கும் இந்த முறை கேரளத்தில் வேர்விட்ட அளவுக்கு நம் பக்கம் விடவில்லை. வடமொழி எழுத்து வரிசையில் க முதல் ஒன்பது எழுத்துகள், ட முதல் ஒன்பது, ப முதல் ஐந்து, ய முதல் எட்டு. ஒவ்வொரு வரிசையும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஞ, ந, தனி உயிர் ஆகியவற்றுக்குப் பூஜ்யம். எழுத்துகளின் மதிப்பை வரிசையாக எடுத்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கேரளக் கணித மேதை சங்கமகிராம மாதவனின் 24 சைன் மதிப்புகள் இப்படித்தான் செய்யுளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. குருவாயூரப்பன் மீதான வடமொழித் துதிநூல் நாராயணீயத்தை முடிக்கும் 'ஆயுராரோக்யசௌக்யம்' என்ற சொல்லைப் பிரித்தால், அந்நூல் முடிந்த கலிநாள், அதாவது கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள், 1712210 வருகிறது.

கல்பாத்தியில் பாட்டுக் கற்கும் குழந்தைக்கு இது மேளகர்த்தா எண்ணாக, அதாவது கர்நாடக இசையின் தாய் ராகங்களுக்கான வரிசை எண்ணாக, அறிமுகமாகும். கீரவாணி 21, கரகரப்பிரியா 22, கௌரிமனோகரி 23. மூன்றுக்கும் தமிழில் முதல் எழுத்து க வரிசை, இரண்டாவது ர வரிசை. ர எப்போதும் 2. ஆகவே தமிழ் எழுத்தை நம்பினால் மூன்றுமே 21தான்! மலையாளத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் ககரங்களுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால் 1, 2, 3 என்று சரியாகப் பிரிகின்றன. அரிகாம்போதி நிலைமை இன்னும் மோசம். ஹ 8, ஆகவே 28. தமிழாக்கி 'அரி' என்று எழுதிவிட்டால் முதலெழுத்து பூஜ்யமாகி, ராகம் நடபைரவியின் 20ஆம் நாற்காலியில் போய் உட்காரும். மனப்பாடத்துக்கு இதை மிஞ்சிய முறை கிடையாது. ஆனால் தமிழ் லிபியில் இதைக் கற்பிப்பது வீண் வேலை. மலையாளம் படிக்கத் தெரிந்த எல்லைத் தமிழனுக்கு இங்கே ஒரு கை கூடுதல்.

என் ஓட்டு மூன்றாவதற்கு: வாய்க்கணக்குப் பின்னங்கள். அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர், மலையாளத்திலும் மாகாணிதான். வேலந்தாவளம் சந்தையில் ஒன்றேகால் கிலோ கேட்டால் இரு மொழிக்காரருக்கும் விளங்கும். மின்தராசு மட்டும் 1.250 என்கிறது. கிலோ 48 ரூபாய்க்கு 1.375 கிலோ என்ன விலை? கருவியைத் தேடுவோம். ஒன்றேகாலே அரைக்கால் என்று சொல்லிப் பாருங்கள்: 48, அதில் கால் 12, அதில் பாதி 6. ஆக 66. முக்காலே மூன்று வீசம் என்பதை 0.9375 என்று சொன்னால் யாருக்கு உறைக்கும்? 1957இல் நயா பைசா வந்து, பதினாறு அணாக் கணக்கு போனபோது இந்த ஏணியின் பாதி படிகள் வேலையற்றுப் போயின. ஓரணா 6.25 பைசா, அதற்கு நாணயம் ஏது? மூன்றில் ஒரு பங்கு என்று வந்தால் மட்டும் இரண்டு முறையும் முழிக்கின்றன. ஏணியில் அந்தப் படி இல்லை, தசமமோ 0.333 என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அதற்காக முந்திரி (1/320), கீழ்முந்திரி (1/1,02,400) வரை குழந்தைகளை உருப்போடச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். வீசம் வரை போதும்.

அந்தக் கடைசி எண்ணையே பாருங்கள். வளைகுடாவில் வேலை செய்பவரின் சம்பளத் தாள் அதை 102,400 என்று எழுதும். ஊர் வங்கிப் புத்தகத்தில் 1,02,400. இதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒரு லட்சத்து, இரண்டாயிரத்து, நானூறு. நாக்கு நிற்கும் இடத்தில்தான் நம் காற்புள்ளியும் நிற்கிறது.