ஒரே ஈறு, இரண்டு கணக்கு: கம்பியா, ஸ்கேனரா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குப் பல்லில் தொந்தரவு வந்தால் இரண்டு வழி: ஒன்று பாலக்காடு, இல்லாவிட்டால் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி. நான் இரண்டுக்கும் போனேன். மேல்வரிசைக் கோரைப்பல்லில் என் ஈறு விலகியிருக்கும் அளவை ஓரிடத்தில் 3 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து மற்றோரிடத்தில் 2. 'ஈறு வளர்ந்துவிட்டது' என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். ஐம்பது வயதில் அது அப்படியெல்லாம் வளர்ந்து மூடிக்கொள்ளாது.

வேறுபட்டது கைதான். 'ப்ரோப்' எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியை, எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து ஈற்றின் விளிம்புவரை வைத்துப் பார்க்கிறார்கள். விளிம்பு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் ஒருவர் மேலே சேர்ப்பார், ஒருவர் கீழே தள்ளுவார். கம்பியிலும் வகை உண்டு. யூஎன்சி-15 என்பதில் 15 வரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. வில்லியம்ஸ் கம்பியில் 4, 6 ஆகிய கோடுகளே கிடையாது.

இன்ட்ராஓரல் ஸ்கேனர் வேறு ரகம். தடித்த பேனா போன்ற கேமரா வாய்க்குள் ஊர்ந்து படங்களைத் தைத்துத் தைத்துத் திரையில் முப்பரிமாணப் பல்வரிசையை எழுப்புகிறது. வெளிச்சம் மட்டுமே, எக்ஸ்ரே இல்லை. (ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதுமே என் அக்கா பயந்துவிட்டார்.) திரையில் இரண்டு புள்ளி வைத்தால் 2.4 என்று தசமத்தில் பதில் வரும்.

அந்தத் தசமத்தில்தான் நான் ஏமாந்தேன். சிறு வயதில் உமிக்கரி, பிறகு கெட்டி நார் பிரஷ். இரண்டும் சேர்ந்து வேரோரத்தில் பள்ளம் பறித்து, அந்த எனாமல் கோட்டையே அழித்துவிட்டன. கோடு இல்லாத இடத்தில் மருத்துவர் கம்பியை வைத்தாலும் ஊகம்தான், சுட்டியால் புள்ளி வைத்தாலும் ஊகம்தான். ஒரு நாள் அளவுக்கு மட்டும் என்றால் ஸ்கேனுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டாவது ஸ்கேன் எடுக்கும்போது கதை மாறுகிறது. பழைய உருவத்தின் மேல் புதியதை வைத்துப் பல் பரப்பைப் பொருத்திவிட்டால், நகர்ந்த ஈறு தனியாகத் தெரிகிறது. அதற்கு அந்த அழிந்த கோடே வேண்டியதில்லை. இரண்டு மூன்று பல் அளவிலான இடத்தில் பிழை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முழு வரிசையில் தையல் பிழைகள் சேர்ந்து கூடும். ஆகவே பக்கத்துப் பற்களை மட்டும் வைத்துப் பொருத்தச் சொல்வது நல்லது. இடையில் பல்லுக்குக் கம்பி கட்டி நகர்த்தியிருந்தால் இந்த ஒப்பீடு குழம்பிவிடும்.

ஸ்கேனர் காணாதது ஒன்று உண்டு: ஈற்றுக்கு அடியில் இருக்கும் பை, அதாவது பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அதன் ஆழத்தைக் கம்பிதான் சொல்லும், ரத்தம் கசிகிறதா என்பதையும். ஏமாறக்கூடிய இன்னொரு இடம், வீக்கம். வீங்கிய ஈறு பல்லின் மேல் பொங்கி நிற்கும். சுத்தம் செய்து வீக்கம் வடிந்தால் விளிம்பு பின்வாங்கும். அதை அப்படியே ஒப்பிட்டால் குணமானதே நோய் முற்றியதாகத் தெரியும். சுத்தம் செய்து சில வாரம் ஆறவிட்டு முதல் ஸ்கேனை எடுப்பதே சரி.

மாவு வைத்து அச்செடுத்துப் பிளாஸ்டர் வார்ப்பதும் பழைய வழிதான். அந்த மாவு காய்ந்தால் சுருங்கும், வார்ப்பு அலமாரியில் உடையும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கோப்பு விஷயம்தான் யாரும் சொல்லித் தராதது. முதலில் எனக்கு எஸ்டிஎல் கோப்பாகக் கொடுத்தார்கள். அதில் உருவம் மட்டுமே, நிறம் இல்லை. திறந்து பார்த்தால் பல்லும் ஈறும் ஒரே சாம்பல். எது எங்கே முடிகிறது என்று தேடினேன். நிறத்தையும் வைத்துக்கொள்ளும் பிஎல்ஒய் கோப்பாகக் கேட்டபோது, 'இதை யாரும் கேட்டதில்லையே' என்றார் அங்கிருந்த பெண், ஆனாலும் இரண்டே நிமிடத்தில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அடுத்த ஸ்கேன் தை மாதம், பொள்ளாச்சியில். பாலக்காட்டில் எடுத்த இந்தக் கோப்பு என்னோடு சோதனைச்சாவடியைத் தாண்டி வரும்.