பழைய மோரிஸ் மைனரில் ஆயில் பிரஷர் குறைந்தால்: குழாய் மீட்டரா, வயர் மீட்டரா?

கோலாலம்பூரில் பழைய கார் ஓட்டுபவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். மாலை ஜாமில் இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். எங்கள் வீட்டு மோரிஸ் மைனர் இப்படி மினுக்கியபோது, பார்த்த ஃபோர்மேன் (பட்டறை மெக்கானிக்) எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பம்ப் போச்சுண்ணே, மாத்திருங்க."

அதற்கு உடனே தலையாட்ட முடியாது. 1962க்குப் பிறகு வந்த இந்த 1098 சிசி இன்ஜினில் ஆயில் பம்ப், கேம்ஷாஃப்டின் பின்முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல், பின்தட்டு என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். இவ்வளவு வேலைக்கு இறங்குமுன் பிரஷர் உண்மையிலேயே குறைகிறதா, எந்த நேரத்தில் குறைகிறது என்று அளந்து பார்ப்பதுதான் முறை. அளப்பதற்கு இரண்டு வழி. எண்ணெயையே மெல்லிய குழாயில் டேஷ்போர்டு வரை கொண்டுவரும் பழைய பாணி மீட்டர் ஒன்று. இன்ஜின் பிளாக்கில் சென்சார் மாட்டி வயர் இழுக்கும் எலக்ட்ரிக் மீட்டர் இன்னொன்று. நான் குழாய் மீட்டரைத்தான் மாட்டினேன், இன்றும் அதன் பக்கம்தான்.

இடையில் வரும் குறுக்குவழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டியான மினியாக் ஹித்தாம் (இன்ஜின் ஆயில்) ஊற்றினால் விளக்கு அணையும், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ரக ஆயில் போதும். விளக்குக்கான சுவிட்சை மாற்றுவது மலிவு, செய்து பார்க்கலாம். ஆனால் அந்தச் சுவிட்ச் பொதுவாக 5 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவுக்குள்தான் விழித்துக்கொள்ளும். விளக்கு எரியவில்லை என்பதற்கு இன்ஜின் நலம் என்று அர்த்தமில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நமக்குத் தெரிய வேண்டியது சூடான ஐட்லிங்கில் பிரஷர் எவ்வளவு என்பது. எலக்ட்ரிக் மீட்டர் தடுமாறுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். மைனரில் இருப்பது டைனமோ. ஐட்லிங்கில் அது சார்ஜ் தராது. சார்ஜ் விளக்கே மங்கலாக எரியும். அந்த நேரத்தில் மழையும் பிடித்து, ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடினால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜை நிலையாக வைக்கும் ஸ்டெபிலைசர் இல்லாத மலிவான, சூட்டில் வளையும் இரட்டைத் தகடு கொண்ட மீட்டராக இருந்தால், வோல்டேஜோடு முள்ளும் இறங்கும். ஜாலான் துன் ரசாக்கில் மழையில் நின்றுகொண்டு முள் கீழே போவதைப் பார்க்கிறீர்கள். இறங்கியது எண்ணெயா, பேட்டரியா? பதில் சொல்ல முடியாத மீட்டரை வைத்துக்கொண்டு இன்ஜினைப் பிரிக்கலாமா என்று எப்படி முடிவெடுப்பது? எர்த் பிரச்சினை வேறு. பெரும்பாலான சென்சார்கள் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். கசிவுக்குப் பயந்து வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அளவு கன்னாபின்னாவென்று காட்டும்.

குழாய் மீட்டரில் மின்சாரமே கிடையாது. உள்ளே ஒரு வளைந்த தட்டைக் குழாய். எண்ணெய் அழுத்தினால் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் தள்ளும். பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. பேட்டரி இறங்கினாலும் ஏறினாலும் அதற்குக் கவலையில்லை.

முள் எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். காலையில் ஜோராக ஏறி, சூடானதும் ஐட்லிங்கில் படுத்து, சுற்று ஏற ஏற மறுபடி எழுந்தால் பேரிங் தேய்வைச் சந்தேகிக்கலாம். வளைவிலும் பிரேக்கிலும் துள்ளினால் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் தளர்ந்தால் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில்) உள்ள வடிகட்டி அடைத்திருக்கலாம். எங்கள் காரில் முள் வேறு கதை சொன்னது. இன்ஜின் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும், எவ்வளவு மிதித்தாலும் 35 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை. பிரஷர் அளவுக்கு மீறினால் திறந்து எண்ணெயை வெளியே விடும் ரிலீஃப் வால்வ், இந்த இன்ஜினில் 60 பிஎஸ்ஐ ஒட்டித்தான் திறக்க வேண்டும். அதற்கு முன்பே எங்கோ கசிகிறது என்றுதானே பொருள்?

அந்த வால்வ் பிளாக்கின் பின்பகுதியில், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய குமிழ் நட்டுக்குள் இருக்கிறது. நட்டைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங் வரும், அதன் பின்னால் பிளஞ்சர், அதாவது எண்ணெய் வழியை அடைக்கும் துண்டு. விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வால்வ் இருக்கையில் (அது அழுந்தி மூடும் இடத்தில்) உட்காரும் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல், அதில் கறுப்புப் பொடி. ஸ்பிரிங்கும் சுமார் 73 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது குறுகிப்போயிருந்தது. இரண்டையும் மாற்றி, இருக்கையைத் துடைத்துப் பூட்டினோம். இப்போது ஓட்டத்தில் 55 காட்டுகிறது, சூடான ஐட்லிங்கில் 15க்குக் கீழே போவதில்லை. பம்ப்பைத் தொடவே இல்லை.

குழாய் மீட்டருக்குப் பராமரிப்பு வேலை உண்டு, மறைக்க மாட்டேன். கொதிக்கும் எண்ணெய் நம் முழங்காலுக்கு மேலே வந்து நிற்கிறது. கூடவே வரும் நைலான் குழாய் சூட்டில் விறைத்து வெடிக்கலாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செம்புக் குழாய் போடுங்கள். செம்பும் அதிர்வில் விரிசல் விடும். அதனால் இன்ஜின் பக்கம் ஒரு சுருள் விட்டு, தடுப்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். ஒவ்வொரு சர்வீஸிலும் இணைப்புகளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிடுவேன். டி-இணைப்பு வைத்தால் பழைய விளக்கையும் காப்பாற்றலாம். வாங்கும்போது மரையைப் பாருங்கள்: பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்பிடிக்கு 27. ஒன்றில் மற்றதை முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும்.

இதனால் காரின் விற்பனை விலை குறையுமா என்று கேட்டால், டேஷ்போர்டைத் துளைக்காமல் ஷெல்ஃபுக்குக் கீழே தொங்கவிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் எண்ணம், விற்றுப் பார்த்ததில்லை. வோக்ஸ்வாகன் பீட்டில் போல இன்ஜின் பின்னால் இருக்கும் கார்களுக்கு அவ்வளவு நீளக் குழாய் சரிவராது, அங்கே எலக்ட்ரிக்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஸ்டெபிலைசர் உள்ள நல்ல ரக மீட்டரும், புதிய டிஜிட்டல் வகையும் இதைவிட நன்றாக இருக்கலாம். நான் ஓட்டிப் பார்க்காததால் உறுதி சொல்ல மாட்டேன்.

நிரந்தரமாகக் குழாய் வேண்டாம் என்பவர்கள், ஃபோர்மேனிடம் சோதனை மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவிட்ச் இருக்கும் ஓட்டையில் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, ஐட்லிங்கிலும் சுற்று ஏற்றியும் இரண்டு அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் பேச்சை அப்புறம் பேசலாம்.