லாகரா, சிம் போட்ட சென்சாரா?

குளிர்சாதன லாரியில் உணவு அனுப்புகிறவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, பெட்டிகளுக்கு நடுவே செருகிவிடும், வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் யுஎஸ்பி லாகர். மற்றது, வெப்பநிலையையும் இருப்பிடத்தையும் வழியிலிருந்தே அனுப்பும் சிம் சென்சார்.

லாகரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரக்கு இறங்கியதும் கணினியில் செருகினால் எப்போது சூடானது என்று காட்டிவிடும். இழப்பீட்டுச் சண்டைக்கு உதவும், சரக்கைக் காப்பாற்றாது.

சென்சார் அங்கேதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் லாரியே முதல் தடை. சுற்றிலும் உலோகத் தகடு இருந்தால் சிக்னல் வெளியே வரத் திணறும். பழப்பெட்டிகளுக்கு நடுவே, சிம் கருவிக்கு அளவுகளை அனுப்பும் ப்ளூடூத் சென்சார் வைத்தால் இன்னும் மோசம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், பழமோ பெரும்பாலும் தண்ணீர்தான். கடுங்குளிரில் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துபோகும். சிக்னல் இல்லாதபோது நல்ல சென்சார் அளவுகளைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும். அதாவது, அந்த நேரத்தில் அதுவும் விலை கூடிய ஒரு லாகர்தான்!

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிய தலைவலியாகப் படுவது அலாரம். குளிர்ச்சுருளில் படிந்த பனியைக் கரைக்க லாரியின் குளிரூட்டும் யூனிட் அவ்வப்போது டிஃப்ராஸ்ட்டுக்குப் போகும். காற்று சில நிமிடம் சூடாகும். உள்ளே இருக்கும் இறைச்சிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கதவைத் திறந்தாலும் இதே கதை. சென்சார் அளப்பது காற்றை, கெடுவது சரக்கு. வரம்பை இறுக்கினால் ராத்திரி முழுக்க ஃபோன் கத்தும், நாலாம் நாள் யாரும் எடுக்கமாட்டார்கள். தளர்த்தினால், பழுது தெரியவரும்போது பால் திரிந்திருக்கும். எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் சேர்த்து வரம்பு வைத்தால் தொல்லை நிறையக் குறையும்.

தரவைப் பகிர்வது அடுத்த இழுபறி. தன் யூனிட் மூன்று மணி நேரம் நின்றுபோனதை வாங்குபவருக்குத் தானே காட்ட எந்த லாரிக்காரருக்கு மனசு வரும்? கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற சரக்குத் தகவல் தளத்தை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தபோது, துறை முழுதும் ஒத்துழைக்கவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

சில மணி நேரப் பயணத்துக்கு லாகரே போதும் என்பேன். நாள்கணக்கில் போகிற மீன், இறைச்சிக்குச் சிம் சென்சார் சரி. அதுவும் அலாரம் அடித்ததும் பக்கத்துக் குளிர்கிடங்குக்கு வண்டியைத் திருப்பச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்காவது இருந்தால்தான். வாங்குமுன் இன்னொன்றையும் பேசிமுடியுங்கள்: சரக்கோடு போன சென்சாரைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? பேசாமல் விட்டால் அது போய்ச்சேர்ந்த கிடங்கின் மூலையில் கிடந்து, பேட்டரி தீரும்வரை அந்த மூலையின் வெப்பநிலையை அனுப்பிக்கொண்டிருக்கும்.