சொல்லைப் பிடிப்பதா, பட்டை வரைவதா?

வார்த்தைக் கணக்குக்கு வகுப்புகளில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஒன்று, குறிச்சொல்: 'அதிகம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி. பத்தே நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பாடத்தின் கடைசிப் பயிற்சியில் மதிப்பெண்ணும் வரும், அங்கே எல்லாம் ஒரே வகைக் கணக்குதானே!

சிக்கல் இப்படி வரும்: 'கவினிடம் 24 கோலிகள். இது மீனாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். மீனாவிடம் எத்தனை?' சொல்லைப் பிடித்த மாணவர் 30 என்பார். விடை 18.

மற்றது, பட்டைப் படம். கவினுக்கு ஒரு நீளப் பட்டை, அதன் கீழே மீனாவுக்குக் குட்டையான பட்டை, இடைவெளியில் 6. யாரிடம் கூடுதல் என்பது கண்ணுக்கே தெரியும். புதிய இடத்திலும் இது கைகொடுக்கும். 20% தள்ளுபடி போக ஒரு சட்டை 480 ரூபாய் என்றால் அசல் விலை என்ன? 480-இல் 20 சதவீதத்தைக் கூட்டி 576 என்று எழுதுவதே வழக்கமான தவறு. தள்ளுபடி அசல் விலைக்குத்தான், 480-க்கு அல்ல. அசல் விலையை ஐந்து சமக் கட்டங்களாக வரைந்தால் ஒரு கட்டம் 20%; தள்ளுபடி போக மிஞ்சும் நான்கு கட்டம் 480, ஒன்று 120, ஆக ஐந்தும் 600. 600-இல் 20% கழித்தால் மீண்டும் 480 வருகிறதா என்று சரிபார்க்கவும் வைக்க வேண்டும்.

பட்டைக்கும் குறை உண்டு: நேரம் பிடிக்கும், கட்டங்கள் சமமில்லாவிட்டால் குழப்பும், 17% போன்ற எண்களுக்கு ஒத்துவராது. அங்கே சமன்பாடே வசதி. ஆனாலும் தொடக்கத்துக்குப் பட்டைதான் எங்கள் தேர்வு.